உரித்து வைத்த பூண்டு

என் அண்ணியை யாராவது ஆகா ஓகோ என்று புகழ்ந்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கூட இருந்து குப்பை கொட்டுகிறவளுக்குத்தானே தெரியும் அவள் லட்சணம்! புருஷனோடு ஒத்துவராமல் நான் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, அவளுடைய கோழிக் கொட்டகையில் நான்தான் எடுபிடி. கூட்டுவது, தண்ணீர்க் கிண்ணம் கழுவுவது, ஈரமான மரத்தூளை வாரிக் கொட்டுவது எல்லாம் நான். பெயர் வாங்குவது அவள்.

ஊரில் அவளுக்கு 'மஞ்சக்கை' என்று பெயர். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. காலையில் எழுந்ததும் பூண்டு, இஞ்சி, பச்சை மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாவற்றையும் அரைத்து, உடைத்த சோளத் தீனியில் கொட்டி, முழங்கை வரை விட்டுப் பிசைவாள். கரண்டியால் கிளறினால் ஒரு பக்கம் சேரும், ஒரு பக்கம் சேராது என்பது அவள் வாதம். அந்த மஞ்சள் எந்த சோப்புக்கும் போகவில்லை. எங்கள் மிக்ஸி ஜாரில் வேறு எதை அரைத்தாலும் கொட்டகை வாசம்தான் வரும். லாரி ஓட்டிவிட்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் அண்ணன், "கோழியைக் கவனிக்கிறதுல பாதி என்னைக் கவனிச்சிருந்தா இந்நேரம் நானும் முட்டை போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிடுவார்.

பொய் சொல்லக் கூடாது, அந்தக் கலவையில் விஷயம் இருந்தது. கோழிகள் தீனியைச் சிந்தாமல் தின்றன. எச்சம் கெட்டியாக இருந்தது, இறகில் ஒரு மினுமினுப்பு, மஞ்சள் கரு நல்ல நிறம். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே ஒருநாள் தீனியை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஜீரணத்துக்கு நல்லதுதாம்மா, தாராளமா குடுங்க" என்றாள். அதோடு ஒன்று சேர்த்துச் சொன்னாள். "ஆனா தடுப்பு சொட்டு மருந்தை மட்டும் விட்டுடாதீங்க. வெள்ளைக் கழிச்சல் வந்தா பூண்டுக்கெல்லாம் அது பயப்படாது."

அண்ணி விட்டதேயில்லை. அதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மா சொன்ன தவணைக்குத் தவணை, விடிவதற்கு முன்னால் கொட்டகையில் நீல பல்பைப் போடுவோம். அந்த வெளிச்சத்தில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, பிடித்தால் பதறாது. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தருவேன். அண்ணி கண்ணில் ஒரு சொட்டு விடுவாள். அது கண்ணைச் சிமிட்டும் வரைக்கும் விட மாட்டாள். தெரு விழிக்கும்போது பல்பு அணைந்திருக்கும், காலிக் குப்பியைப் புதைத்திருப்போம், அண்ணி தீனித் தொட்டியில் கையை விட்டிருப்பாள். வருகிறவன் போகிறவன் கண்ணில் பட்டதெல்லாம் அந்தக் கைதான்.

"எப்படிம்மா உன் கொட்டகைக்கு மட்டும் எந்த நோயும் வரமாட்டேங்குது?" என்று கேட்பார்கள். இவள் கையைத் தூக்கிக் காட்டுவாள். "எல்லாம் இதுதான்!" என்பாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒருத்தருக்கும் அவள் கலவையை இல்லையென்று சொன்னதில்லை, டப்பாவைக் கொண்டுவந்தால் அள்ளிக் கொடுப்பாள். தாராள மனசுதான். ஆனால் அந்தத் தாராளத்துக்குள்ளே கொஞ்சம் தலைக்கனமும் உட்கார்ந்திருந்தது.

எங்கள் தெருவின் அடுத்த கோடியில் டெய்லரம்மா இருந்தாள். வருஷக்கணக்காக ஊசியைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போய், தையல் மெஷினை விற்றுவிட்டுக் கோழி வாங்கியவள். வீட்டில் அவளும் கோழிகளும்தான், வேறு ஆள் கிடையாது. அண்ணி ஒன்று சொன்னால் அது அவளுக்கு வேதவாக்கு. அரைப்பது, பிசைவது எல்லாம் அப்படியே செய்தாள். கொஞ்ச நாளில் அவள் கையும் மஞ்சளாகிவிட்டது. அதை என்னிடம் நீட்டிக் காட்டி, "பாத்தியா, நானும் உங்க அண்ணி மாதிரி ஆயிட்டேன்" என்று குழந்தை மாதிரி சிரித்தாள்.

அவளிடமிருந்துதான் அன்று காலை போன் வந்தது. அண்ணி தீனி பிசைந்துகொண்டிருந்ததால் நான் எடுத்து அவள் காதில் வைத்தேன். டெய்லரம்மா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா... கோழி எல்லாம் கழுத்தைத் திருகிக்கிட்டு சுத்துதுக்கா. பச்சையும் வெள்ளையுமா போகுது. பாதிக்கு மேல விழுந்துடுச்சு. நிக்கிறதும் நிக்காது போலிருக்கு. நான் எதுவும் மாத்தலையேக்கா, நேத்துகூட நீங்க சொன்ன மாதிரிதானே குடுத்தேன்!"

அண்ணியின் கை தீனிக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"சொட்டு போட்டியா?" என்று கேட்டாள்.

"என்ன சொட்டுக்கா?"

நான் போனை அணைத்தேன். அண்ணி தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ கேட்டாடி," என்றாள். "ஆரம்பத்துல, கோழி வாங்கின புதுசுல, நேருக்கு நேர் கேட்டா. இது மட்டும் போதுமாக்கா, வேற ஏதாவது குடுக்கணுமான்னு. அப்ப தீனிக் கடையில நாலு பேர் நின்னாங்க. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. இதுதான், வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு. அப்புறமா தனியா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறந்தே போயிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையிலிருந்த போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எறியவில்லை. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். டெய்லரம்மா அனுப்பிய படங்களை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். "அதேதான். ஐஸ் பெட்டியோட கிளம்பி வரேன்," என்றாள். "நோய் வராத கோழிகளுக்கு உடனே சொட்டு போட்டாகணும். எல்லாரையும் தெருவுக்கு வரச் சொல்லுங்க. கோழியைக் கொண்டுவர வேண்டாம், ஆள் மட்டும் வந்தா போதும். அந்தம்மா வீட்டுக்குக் கடைசியாத்தான் போவேன். அங்க போயிட்டு வேற கொட்டகைக்குப் போக முடியாது, நானே நோயைச் சுமந்துட்டுப் போன மாதிரி ஆயிடும்."

தகவல் தீயாய்ப் பரவியது. கொஞ்ச நேரத்தில் கோழி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வந்து எங்கே நின்றார்கள் என்கிறீர்கள்? எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால்! ஆளுக்கொரு டப்பா. பால் டப்பா, பெயிண்ட் டப்பா, ஒருத்தர் குழந்தை குளிக்கிற தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மாவின் வண்டி எதிர் ஓரத்தில் பின்கதவைத் திறந்தபடி நின்றது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றாள். காக்காய்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க!" என்று சத்தம் போட்டவர் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நாக்கு ஓய்வு பெறாத மனுஷன். "மஞ்சக்கை அம்மா, எனக்கு ரெண்டு பங்கா போடுங்க. இப்ப டபுளா குடுத்தாத்தான் கேக்கும்."

டாக்டரம்மா அங்கிருந்து கத்தினாள். "ஐயா, இங்க வாங்க! வெயில் ஏறுது. குப்பியை உடைச்சு கலக்கிட்டா அப்புறம் ரொம்ப நேரம் தாங்காது. எத்தனை பேர்னு தெரிஞ்சாத்தான் நான் கலக்க முடியும்!"

"வரோம் டாக்டரம்மா, முதல்ல இதை வாங்கிக்கிட்டு வரோம்," என்றார் தீனிக் கடைக்காரர். அவர் வர மாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கையில் மஞ்சக்கையின் கலவை கிடைத்துவிட்டால் யார் போய்க் கோழி கோழியாகப் பிடித்துக் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருப்பார்கள்?

 அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசுவாளா, மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் சேர்த்த பெயர் கூட்டத்தின் முன்னால் போய்விடும். பேசாவிட்டால் இந்த டப்பாக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் டெய்லரம்மா வீட்டுக் கதைதான் நடக்கும்.

"எல்லாரும் டாக்டரம்மாகிட்ட போங்க," என்றாள் அண்ணி. குரல் எழும்பவில்லை. "என் கலவை இதுக்கு கேக்காது."

 அப்புறம் கண்டக்டர் சிரித்தார்.

"அட, இதென்னம்மா புதுக் கதை? உங்க கோழி மட்டும் பொழைக்கணும், எங்களுது சாகணுமா? இத்தனை நாள் அள்ளி அள்ளிக் குடுத்தீங்க, இப்ப ஆபத்துன்னதும் கை சுருங்கிடுச்சா?"

"இருப்பு தீந்துபோச்சுன்னா நேரா சொல்லுங்க, பூண்டை நாங்களே உரிச்சுத் தரோம்," என்றார் குழந்தைத் தொட்டிக்காரர்.

பார்த்தீர்களா கூத்தை! உண்மையைச் சொன்னால் கஞ்சத்தனம் என்கிறார்கள். நான் அண்ணியின் காதில் கிசுகிசுத்தேன். "சொட்டு போட்ட கோழிக்குத்தான் என் கலவை கேக்கும்னு சொல்லிடுங்க அண்ணி. ஓடுவாங்க. உங்க பேரும் நிக்கும்."

சும்மா சொல்லக் கூடாது, அது அருமையான யோசனை. அண்ணி யோசித்தாள். யோசித்தது எனக்குத் தெரிந்தது. உதட்டை ஒருமுறை ஈரமாக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில்தான் தெருவின் கோடியில் டெய்லரம்மா வந்தாள்.

வெறுங்கால். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குளித்துவிட்டு வந்திருந்தாள். டாக்டரம்மா பதறிப்போய்க் கையை நீட்டினாள். "அம்மா, அங்கேயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வைக்காதீங்க! இங்க எல்லாரும் கோழி வச்சிருக்கிறவங்க!"

அவள் நின்றாள். நடுத்தெருவில், எல்லோரிடமிருந்தும் விலகி, தீண்டக் கூடாத ஒரு பொருளைப் போல. கூட்டம் அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கியது. மெஷின் இருந்த வரைக்கும் அவளிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டு போனவர்கள்தான்.

"எல்லாம் போயிடுச்சு," என்றாள் டெய்லரம்மா. தூரத்திலிருந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் அழக்கூட அவளால் முடியவில்லை. "ஒண்ணுகூட நிக்கல."

"நீ கலவையை ஒழுங்கா குடுத்திருக்க மாட்டே," என்றார் கண்டக்டர்.

டெய்லரம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மஞ்சள். என் அண்ணி கையைவிட ஒரு பூச்சு கூடுதலாகவே இருந்தது.

"இதுக்கு மேல எப்படிய்யா குடுக்கிறது?" என்று கேட்டாள்.

 குழந்தைத் தொட்டிக்காரர் தொட்டியைக் கீழே இறக்கினார். டெய்லரம்மா கையை இறக்கிவிட்டு, அண்ணி நின்ற பக்கம் பார்த்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். 'நீங்கதானேக்கா இது போதும்னு சொன்னீங்க' என்று கேட்கப்போகிறாள். கேட்கட்டும், கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கேட்கவில்லை. "அக்கா மேல தப்பில்ல," என்றாள். "நான்தான் சொட்டு போடல. எனக்குத் தெரியாம போச்சு. நீங்களாவது போடுங்க. போய்ப் போட்டுக்கங்க."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

அவள் திட்டியிருந்தால் அண்ணி தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள்.

"நில்லுடி!" என்று போட்ட சத்தத்தில் டெய்லரம்மா மட்டுமில்லை, நாங்கள் எல்லோருமே நின்றுவிட்டோம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அவ பொய் சொல்றா. அவ என்கிட்ட கேட்டா. இது போதுமா, வேற ஏதாவது வேணுமான்னு வாய்விட்டுக் கேட்டா. நான் வேண்டாம்னு சொன்னேன். தீனிக் கடைக்காரரே, நீங்களும்தான் அப்ப அங்க இருந்தீங்க. என் கோழிக்கு நான் தவணை தவறாம சொட்டு போடறேன். விடியுமுன்னாடி போடறேன், உங்க யார் கண்ணுலயும் படல. நீங்க என் கையைப் பாத்துப் பெருமை பேசினீங்க, எனக்கு அது இனிச்சுது, மத்ததை முழுங்கிட்டேன். அவ கோழி செத்தது என் வாயால. போதுமா? இப்பவாவது போங்க அந்த வண்டிக்கு!"

தீனிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் கையிலிருந்த டப்பாவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.  கடைசியில், "இத்தனை நாள் எங்களை ஏமாத்திட்டியேம்மா," என்றார். முதல் தடவையாக 'நீங்க' போய் 'நீ' வந்தது. டப்பாவை எங்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு எதிர் ஓரத்துக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிற வழியில் ஒருத்தி, அண்ணிக்குக் கேட்கிற மாதிரியே, "இவளை நம்பியிருந்தா நம்ம பொழப்பும் டெய்லரம்மா பொழப்பு மாதிரிதான் ஆகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. அண்ணி அசையவில்லை.

டாக்டரம்மா குப்பியைக் கலக்கினாள். யாருக்கு எத்தனை கோழி என்று கேட்டுக் கேட்டு ஊற்றிக் கொடுத்தாள். கையை எப்படிக் கழுவுவது, செருப்பை எங்கே விடுவது என்றெல்லாம் சொல்லி ஓட வைத்தாள். வெயில் சுடுவதற்குள் பெட்டி காலியாகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் விதவிதமான காலி டப்பாக்கள் வரிசையாக நின்றன.

அண்ணி உள்ளே வந்து மாற்றுத் துணி இரண்டை ஒரு பையில் திணித்தாள்.

"எங்க போறீங்க?"

"அவ வீட்டுக்கு. ஒத்தைப் பொம்பளை எப்படிக் குழி வெட்டுவா?"

"அங்க போனா நம்ம கொட்டகைக்குள்ள கால் வைக்க முடியாது அண்ணி. நாள்கணக்கா முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். நீ பாத்துக்கோ." கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தன் கோழிகளை ஒருநாள்கூட விட்டுப் பிரியாதவள் அவள். அம்மா வீட்டுக்குப் போனால்கூடப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். "அரைச்சுப் போடு, விட்டுடாத. கையால பிசை," என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதல் தடவையாக அவளுக்கு நான் எதிர்வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சொன்னபடி கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய் நின்றேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். கொட்டகைக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் குழி வெட்டி முடித்திருந்தார்கள். அண்ணியின் புடவையெல்லாம் மண். இருவரும் சேர்ந்து கோழிகளைச் சாக்கில் இழுத்து வந்து குழியில் இறக்கி, மேலே சுண்ணாம்பு தூவினார்கள். ஒருத்திக்கொருத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி இரண்டு மூன்று தடவை பேச வாயெடுத்ததைப் பார்த்தேன். டெய்லரம்மா ஒவ்வொரு தடவையும் அடுத்த சாக்கை எடுக்கப் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு டெய்லரம்மா வீட்டுக்குள் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அதில் பூண்டு இருந்தது. தோல் ஒட்டாமல், நூல் பிரிக்கிற பொறுமையோடு ஒவ்வொரு பல்லாக உரித்து வைத்திருந்தாள்.

"காலையில அரைக்கலாம்னு நேத்து உரிச்சு வச்சேன்க்கா," என்றாள். தெருவிலிருந்து திரும்பிய பிறகு அண்ணியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "எனக்கு இனிமே எதுக்கு. வீணாப் போயிடும். உங்க கோழிக்கு எடுத்துட்டுப் போங்க."

அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் அந்த நேரத்தில் அதை மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம். அண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குழி ஓரம் போய் அதை உள்ளே கொட்டினாள். பூண்டுப் பற்கள் சுண்ணாம்பின் மேல் சிதறி விழுந்தன. காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, தெருவில் நிற்கிற எனக்குக் கேட்கும்படி ஓவென்று அழுதாள்.

டெய்லரம்மா மண்வெட்டியை எடுத்து மண்ணை இழுத்து மூட ஆரம்பித்தாள்.